கயிறு கட்டாத ஒழுங்கை

12.11.1991, செவ்வாய்

நான் என்ன மாடே, அருளம்பலம், கயிறு கட்டி வைக்க? கழுத்திலை இல்லை, ஒழுங்கை வாசலிலைதான் எண்டுறாய். எனக்கு ரெண்டும் ஒண்டுதான். நீ ஆஸ்பத்திரியிலை மருந்து கலக்கிக் குடுத்துப் பென்சன் எடுத்தனி. நான் அஞ்சாம் வகுப்போடை வெங்காயத் தோட்டத்துக்குப் போனவன். அதுக்காக எனக்கு வாய் இல்லையே?

இண்டைக்குச் சனசமூக நிலையத்திலை கூட்டம். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்திலை இருக்கிற மயிலிட்டிச் சனத்துக்குள்ளை வாந்திபேதி துவங்கீட்டுது. வேலியளுக்கு நடுவாலை போற எங்கடை ஒழுங்கைக்கும் வருமாம். அதுக்கு முன்னம் ரெண்டு முனையையும் கயித்தாலை மறிச்சுக் கட்டோணும் எண்டு அருளம்பலம் நிக்கிறான். மழை விடுமட்டும் ஒருத்தரும் போகவும் கூடாது, வரவும் கூடாது. செத்தவீடு எண்டாலும் அந்த வீட்டுச் சனம் மட்டும். சுடலையாலை வந்து செத்தவீட்டுக் கிணத்திலை எல்லாரும் அள்ளிக் குளிச்சுக் கோப்பி குடிக்கிறது கிடையாது.

நான் எழும்பினன். "அண்டண்டைக்குக் கூலிக்குப் போறவளுக்கு உந்தக் கயித்தையே அவிச்சுக் குடுக்கப் போறாய்?" எண்டு கேட்டன். அதோடை இருந்திருக்கலாம். வாய் சும்மா கிடக்குதே? "கயிறு கட்டினால் உன்ரை மனுசி ஊர்ப் புதினம் கேக்க எந்த வேலியாலை பூருவா?" எண்டன். கூட்டம் முழுக்கச் சிரிச்சுது. கயிறு கட்டுற கதை அதோடை போச்சுது.

கடைசி முடிவு: கிணறுகளுக்குக் குளோரின் போடுறது. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லிக் கேக்கிறது. வருத்தம் வந்தால் வீட்டோடை இருக்கச் சொல்லிக் கேக்கிறது. கேக்கிறது மட்டும். மிச்சம் அவையவையின்ரை விருப்பம்.

வெளியிலை வரேக்கை அருளம்பலம் சொன்னான்: "கேட்டால் ஆரடா நிப்பினம்? இந்த ஊரிலை செத்தவீட்டுக்குப் போகாமல் விட ஒருத்தனுக்கும் துணிவில்லை. மறிச்சால்தான் நிக்கலாம்."

"நீ நிப்பியோ?"

"நிப்பன். உன்ரை வீட்டுச் செத்தவீடு எண்டாலும் வரமாட்டன், நமசி."

"வராதை. அண்டைக்கு எனக்குச் சீட்டு விளையாட நேரமும் இராது" எண்டன்.

அவன் சிரிக்கேல்லை. நாப்பது வருசமாய் 304 விளையாடுறம், உவனுக்கு ஒரு பகிடியும் விளங்கினதில்லை.

14.11.91

மண்ணெண்ணெய் இல்லை. விறகு ஈரம். தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னம் குசினி புகையாலை நிறைஞ்சு என்ரை மனுசி மீனாம்பிகைக்கு மூச்சு இழுப்பு வந்திட்டுது. "நீங்கள் கூட்டத்திலை சிரிக்கப் பண்ணுங்கோ, நான் இஞ்சை இருந்து இருமிறன்" எண்டு பேசினா. பேசட்டும். பேசுற மட்டும் மூச்சு இருக்கு.

17.11.91

ஒழுங்கை முனை வீட்டுப் பரமலிங்கத்தின்ரை தாய் செத்துப்போனா. வயசு. கடைசி ராத்திரி சத்தியும் பேதியுமாய்க் கிடந்தவ எண்டும் ஒரு கதை.

ஊர் முழுக்கப் போச்சுது. மீனாம்பிகை இழுப்போடை போய் அழுதவ. இவ எந்தச் செத்தவீட்டைத்தான் விட்டவ? எல்லாரும் கிணத்திலை குளிச்சுக் கோப்பி குடிச்சம். அருளம்பலம் மட்டும் வரேல்லை. பென்சன்காரனுக்கு உயிர் பெரிசு எண்டு நான்தான் துவக்கிவிட்டன். பிறகு ஆளாளுக்கு அவனைக் கிழிச்சவை.

23.11.91

மூண்டு வீட்டிலை வயித்தாலை போகுது. அதிலை ஒரு வீட்டுப் பத்மாவதியின்ரை மனுசனைச் சைக்கிளிலை இருத்திப் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. பாதி வழியிலை சீவன் போயிட்டுது. பரமலிங்கம் வீட்டிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு குளிச்சவன். என்ரை முதுகுக்கும் தண்ணி ஊத்தினவன்.

25.11.91

ஒழுங்கையிலை நாய் மட்டும்.

28.11.91

ஒருத்தரும் கயிறு கட்டேல்லை. எல்லா வீட்டுப் படலையும் பூட்டு.

மனுசிக்கு இழுப்புக் குறையுதில்லை. இழுப்பு மருந்துக் குளிசை ஒரு கடையிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில்காரனைக் கேட்டன், மாட்டுக்குச் சுகமில்லையாம். மாடு பின்னாலை நிண்டு நல்லாய் வைக்கல் தின்னுது. தண்ணியை இனிக் கொதிக்க வைக்காதை எண்டு சொல்லிப்போட்டன். அவ கேக்கேல்லை. கொதிக்க வைக்கோணும் எண்டு கூட்டத்திலை நானும் கையைத் தூக்கினனாம்.

29.11.91

விடிய மனுசி போயிட்டா. இருந்தபடி.

30.11.91

நேற்று அதுக்கு மேலை எழுதேலாமல் போச்சுது.

செத்தவீடு சொல்ல வேறை ஆள் போறதுதான் வழக்கம். ஆள் இல்லை. நானே போனன். மனுசி செத்தவன் தானே படலை படலையாய்த் தட்டிச் சொல்லுறதை எங்கடை ஊரிலை நான் காணேல்லை.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வேலிக்கு அங்காலை நிண்டு கேக்கிறாள்: "அக்காவுக்கு வயித்தாலை போனதோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. இழுப்பு. உனக்குத் தெரியாத இழுப்பே?"

"ஓம்... தெரியும்." தலையைத் திருப்பி வீட்டுக்குள்ளை பாத்தாள். "இவர் வெளியிலை போயிட்டார், அண்ணை. வந்தோடனை வாறம்."

உள்ளுக்கை அவளின்ரை 'இவர்' இருமிறார். எனக்கு அந்த இருமலைத் தெரியாதே? நல்ல சீட்டு விழுந்தால் இருமிறவன்.

"வெளியிலை போன ஆளுக்கு இருமல் கூடிப்போச்சுது. மல்லித்தண்ணி வைச்சுக் குடு பிள்ளை" எண்டிட்டு வந்தன்.

எல்லா வீட்டிலும் "வாறம்" எண்டவை. வரமாட்டம் எண்டு ஒரு வாயும் சொல்லேல்லை. நான் விசரன், கதிரை எடுத்து முத்தத்திலை போட்டன். பின்னேரமாச்சு. பரமலிங்கம் மட்டும் வந்தான். "அம்மாவுக்கு அழுதவ, நான் வராமல் விடேலாது" எண்டான். ரெண்டு பேராலை பாடை தூக்கேலாது. வெங்காயம் ஏத்துற கைவண்டிலிலை ஏத்தினம். அவன் இழுக்க நான் தள்ளினன். பள்ளத்திலை சில்லு விழேக்கை "மெல்லப் போடா, அவவுக்கு நோகும்" எண்டன். அவன் திரும்பிப் பாக்கேல்லை, மெல்லப் போனான்.

ரெண்டு பக்கமும் வேலி இடுக்காலை கண் தெரிஞ்சுது.

மகன் சுவிசிலை. கடிதம் எப்ப போய்ச் சேருமோ. நானே கொள்ளி வைச்சன். அழ ஒரு பொம்பிளை இல்லை. எத்தினை பேருக்கு அழுதவள்—

2.12.91

படுத்தால் இதே யோசினை. கயிறு கட்டியிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்? ஒருத்தரும் வந்திருக்கமாட்டினம். நானும் பரமலிங்கமும் கைவண்டிலும்தான். அப்ப என்ன வித்தியாசம்?

கயித்தைப் பேசியிருப்பன். அருளம்பலத்தைப் பரம்பரையோடை இழுத்துப் பேசியிருப்பன். குணலட்சுமி கயித்துக்கு அங்காலை நிண்டு "வர விடுகினம் இல்லையே, அண்ணை" எண்டு அழுதிருப்பாள். நானும் நம்பியிருப்பன். இப்ப ஆரைப் பேசுறது? ஒருத்தரும் மறிக்கேல்லை. யோசிச்சு, தங்கடை விருப்பத்திலை வராமல் விட்டவை. விருப்பம் விருப்பம் எண்டு கூட்டத்திலை குதிச்சது ஆர்?

அவையிலும் பிழை சொல்லேலாது. வீட்டிலை பிள்ளையள் இருக்குதுகள். பத்மாவதி தாலி இல்லாமல் நிக்கிறதை எல்லாரும் பாத்தவை. நானெண்டால் போயிருப்பனோ? போயிருப்பன் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். எழுத வருகுதில்லை.

ஆனால் ஒவ்வொருத்தற்ரை முகமும் நெஞ்சிலை ஏறி இருக்குது. இனி இந்த ஒழுங்கையிலை எப்பிடி நடக்கிறது?

5.12.91

நாளைக்கு எட்டாம் நாள். அவவுக்குப் படைக்க என்னத்தைச் சமைக்கிறது, ஆர் சமைக்கிறது.

பின்னேரம் படலையடியிலை சைக்கிள் மணி கேட்டுது. அருளம்பலம். ஒரு கால் நிலத்திலை, ஒரு கால் பெடலிலை. நல்லாய் மெலிஞ்சு போனான்.

"உள்ளுக்கு வா, கதிரையெல்லாம் சும்மாதான் கிடக்கு" எண்டன்.

வரேல்லை. ஹாண்டிலைப் பாத்துக்கொண்டு சொன்னான்: "நான் வந்திருக்கோணும், நமசி."

"விசரா. நீ ஒருத்தன்தான் முகத்துக்கு நேரை வரமாட்டன் எண்டனி. சொன்னபடி வரேல்லை. உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. மற்றவை வாறம் எண்டு சொல்லிப்போட்டு... சரி, அதை விடு. மழை இன்னும் விடேல்லை. இனியும் சாகத்தான் போகினம். மிஞ்சிறவன் ஆர் வந்தது ஆர் வராதது எண்டு எண்ணிக்கொண்டு கிடக்கக் கூடாது. அதாலை நீ நாளைக்கே—"

அவன் சைக்கிளைத் திருப்பிப்போட்டான். லேஞ்சியாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு மிதிக்கிறான்.

நான் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு இறங்கினன். "டேய், அந்தக் கயித்தை" எண்டு கூப்பிட்டன். கட்டு எண்டு சொல்லுறதுக்குள்ளை முடக்காலை திரும்பீட்டான்.