மூன்றாம் ஓலை

15.6.98, திங்கள்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஆற்றிலும் இன்னும் தண்ணீர் வரவில்லை. நடவு வேலை இல்லாதவர்கள் எல்லாம் எங்கள் டிராவல்ஸ் வாசலில்தான் நிற்கிறார்கள். காத்தான் மூன்றாவது தடவையாக பாஸ்போர்ட் போட்டோ எடுத்து வந்திருக்கிறார். இதிலும் கண்ணை மூடியிருக்கிறார். "ஃபிளாஷ் அடிச்சா பயமா இருக்கு தாயி" என்கிறார். குவைத்துக்குப் போகப் பயமில்லை, ஃபிளாஷுக்குப் பயம்!

அடைக்கலராஜ் சார் கடிதம் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். வழக்கம்போலத் தேதியை விட்டுவிட்டார். விலாசத்தில் ஊரையும் விட்டுவிட்டார். நானே சேர்த்துக்கொண்டேன். ஆறு வருஷமாக இதே கதை. கேட்டால், "விட்டுப்போனதைச் சேர்க்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். நல்ல முதலாளி!

3.7.98, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் லத்தீஃபா வந்துவிடுவாள். ரியாத்தில் அவள் புருஷனுக்கு அன்றுதான் லீவு. எங்கள் அலுவலக போனுக்கு அவர் கூப்பிடுவார். போன் கூண்டுக்குள் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

"கல்யாணமாகி பத்து வருசம் ஜெனிட்டா. கூட இருந்ததைச் சேத்துப் பாத்தா ஒரு வருசம் தேறுமா தெரியல" என்றாள் இன்று. பிறகு டேபிள் ஃபேனைப் பார்த்தாள். அதன் கழுத்து உடைந்துவிட்டது, ஒரு பக்கம்தான் பார்க்கும். அது என் பக்கம் பார்த்தபடி இருந்தது. சார் முதுகு சட்டை வியர்வையில் நனைந்து கிடந்தது.

"முதலாளிக்குக் காத்து வேணாமாக்கும்?"

"காத்து பட்டா அவருக்குத் தலைவலி வரும்" என்றேன்.

"வரும் வரும்" என்று இழுத்துவிட்டுப் போய்விட்டாள். வாயாடி.

12.8.98, புதன்

சாருக்குக் காய்ச்சல். கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள் இருந்தன. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தனியாள் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம், பிள்ளைகளும் இல்லை. அடுப்படியில் ஒரு பால் பாத்திரம், ஒரு தம்ளர்.

கூடத்தில் படுத்திருந்தார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"காத்து ஆகாதுன்னீங்களே சார்?"

பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

13.8.98

ஆறு வருஷமாகவா?

4.10.98, ஞாயிறு

கோயில் உபதேசியாருக்குக் கண்ணில் ஆபரேஷன். பூசை முடிவில் அறிவிப்புகளை வாசிக்க சாரைப் பிடித்துப் போட்டிருக்கிறார் ஃபாதர். இனி அவர்தானாம். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. தெருக்காரர்கள் கூடும் அன்பிய கூட்டம், சமாதித் திருநாள், இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலை. எதையும் விடாமல் வாசித்தார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, எதை விடுவாரோ என்று பதறிக்கொண்டிருந்தேன். நான் ஏன் பதற வேண்டும்? அங்கேயும் நான்தான் அசிஸ்டென்டா?

27.12.98, ஞாயிறு

ரெமிஜியஸ் அண்ணன் இடம் கொண்டுவந்துவிட்டது. நாகப்பட்டினம், பெயர் ரெஜின். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கிறிஸ்துமஸ் லீவில் வந்திருக்கிறார், பிப்ரவரி கடைசியில் திரும்ப வேண்டும். பிப்ரவரி 17 விபூதிப் புதன். நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடிக்க வேண்டுமாம்.

"முப்பத்திமூணு வயசு ஆச்சு. இதையும் தட்டிக்கழிச்சா அப்புறம் எனக்குத் தெரியாது" என்றது அண்ணன்.

பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷன்தான். காபி டம்ளரை அவரே அடுப்படி வரை கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருக்கிற காரணத்தைச் சொல்ல முடியாது. யாரிடம் சொல்வது? எந்தத் தைரியத்தில் சொல்வது? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறதா?

சரி என்றேன். களைப்பாக இருந்தது. சரி என்றால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

29.12.98, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். அவர் காத்தானின் விசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோஷம். மஸ்கட் நல்ல ஊரு. வெயில்தான் ஜாஸ்தி" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "டிக்கெட் நம்ம ஆபீஸ்லயே போட்டுடலாம்" என்றார்.

கடவுளே! இதுக்கா இந்த மனுஷனுக்காக நான் இத்தனை வருஷம் —

எழுத வேண்டாம்.

24.1.99, ஞாயிறு

முதல் ஓலை.

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. மூன்று ஞாயிறும் என் கல்யாண ஓலையை அவர்தான் வாசிக்க வேண்டும்.

"நாகப்பட்டினம் பங்கைச் சேர்ந்த அந்தோணிசாமி, மரியபுஷ்பம் இவர்களின் மகன் ரெஜினுக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சவரிநாதன், இருதயம்மாள் இவர்களின் மகள் ஜெனிட்டாவுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது. இது முதல் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

குரல் ஆடவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அனிட்டா அண்ணி என் தொடையில் கிள்ளி, "வெக்கத்தைப் பாரு" என்றது. வெட்கமா இது?

31.1.99, ஞாயிறு

இரண்டாம் ஓலை. என் பெயர் வந்த இடத்தில் இருமினார். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார்.

3.2.99, புதன்

கல்யாணம் பத்தாம் தேதி. நான் போன பிறகு வேலையைப் பார்க்க இன்னும் யாரும் வந்து சேரவில்லை. "ஆள் பாக்கலையா சார்?" என்றால், "பாக்கணும்" என்கிறார். அறுவடைச் சமயம். வயல் பக்கமிருந்து பதர் பறந்து வந்து தட்டச்சு மெஷினில் எல்லாம் ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொண்டே இருந்தேன். ஃபேன் இன்றைக்கும் என் பக்கம்தான். அதைத் திருப்பி அவர் பக்கம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மறுபடி என் பக்கம் இருந்தது.

7.2.99, ஞாயிறு

நடந்ததில் எதையும் விடாமல் எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

அன்பிய கூட்டம் வாசித்தார். விபூதிப் புதன் சாம்பலுக்கு எரிக்கப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொன்னார். வேறு ஒரு ஜோடிக்கு இரண்டாம் ஓலை வாசித்தார். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

என் ஓலையை வாசிக்கவில்லை.

ஆறு வருஷப் பழக்கம், எனக்கு எழுந்திருக்கத்தான் வந்தது. பெஞ்சைப் பிடித்துப் பாதி எழுந்தேன். 'சார், ஒண்ணு விட்டுப்போச்சு' — இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தினமும் சொல்கிறதுதான். உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணன் குதியாய்க் குதித்தது. "மூணாம் ஓலை படிக்காம எப்படிக் கல்யாணம் வைக்கிறது? பத்தாந்தேதி மண்டபம் பேசியாச்சு! அந்த ஆளுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" சாரை எங்கும் காணவில்லை. பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம்.

8.2.99, திங்கள்

சார் எனக்கு முன்பே வந்து அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை.

"தப்பு என்னோடது. ஃபாதர்கிட்ட பேசிட்டேன். ஒரு ஓலைக்கு விலக்கு குடுக்கச் சொல்லி ஆயர் இல்லத்துல கேக்கலாமாம். விண்ணப்பத்தை டைப் பண்ணிக் குடுங்க. நானே தஞ்சாவூர் போயி கையோட வாங்கிட்டு வந்துடுறேன்."

தாளைச் செருகினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். தேதியில் ஆரம்பித்தார். ஊர் சொன்னார், பங்கின் பெயர் சொன்னார், என் அப்பா பெயரைக்கூடச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

எனக்கு அப்போதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கடிதத்துக்கு ஒழுங்காகத் தேதி சொல்லத் தெரியாத மனுஷன், என்னை அனுப்பி வைப்பதற்கு மட்டும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார்!

"சார், நேத்து நெஜமாவே மறந்துட்டீங்களா?"

ஜன்னலைப் பார்த்தார். "தாள் கையிலதான் இருந்துச்சு. பேரும் தெரிஞ்சுச்சு. வாய் வரல."

"இப்ப மட்டும் எப்படி வருது?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க ஜெனிட்டா? எனக்கு நாப்பத்தாறு வயசு. ரெண்டாந்தாரம். ஊரு என்ன பேசும்? இத்தனை வருசம் சம்பளம் குடுத்ததே இதுக்குத்தான்னு பேசும். உங்களுக்கு நல்ல இடம் வந்திருக்கு. அதைக் கெடுத்துட்டேன். சரி பண்ணணும்."

"ஊரை விடுங்க சார். நான் போகணுமா, இருக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க."

வாசலில் யாரோ பாஸ்போர்ட் விசாரிக்க வந்தார்கள். "கொஞ்சம் நில்லுங்க" என்று அவர்களை நிறுத்தினார். வாடிக்கையாளரை அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"இருங்க" என்றார்.

அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு ஒரு வார்த்தை. மெஷினிலிருந்து தாளை உருவிக் கிழித்தேன். பிறகு வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டேன்.

9.2.99, செவ்வாய்

அண்ணன் அடிக்கக் கை ஓங்கியது. அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டாந்தாரமா போறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கத்தியது அண்ணன். ரெஜினிடம் நானே சொல்ல வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன்.

நாகப்பட்டினத்துக்கு பஸ். அம்மா கூட வந்தாள். அவர் வீட்டு வாசலில் பந்தல்கால் ஊன்றியிருந்தார்கள். சொன்னேன். அவர் கத்தவில்லை. "முதல் ஓலைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க. எங்க கோயில்லயும் மூணு வாரமா வாசிச்சாச்சு" என்றார். அவருடைய அம்மா வாயில் வந்ததெல்லாம் பேசினார். கேட்டுக்கொண்டேன். பேசட்டும். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

திரும்பும்போது அம்மா கேட்டாள்: "அன்னைக்குக் கஞ்சி வச்சப்பவே எனக்குப் பட்டுச்சுடி. நீ ஏன் வாயைத் திறக்கல?"

தெரியவில்லை அம்மா.

17.2.99, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அறிவிப்புகளை உபதேசியார் தட்டுத் தடுமாறி வாசித்தார். சார் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டாராம்.

21.6.99, திங்கள்

அண்ணன் இன்னும் பேசுவதில்லை, வண்டியில் ஏற்றிக்கொள்வதும் இல்லை. நடந்தே அலுவலகம் போய் நடந்தே வருகிறேன். தெருவில் பேச்சு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சார் ஒரு ஞாயிறு விடாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் முகம் கொடுக்காவிட்டாலும் அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அம்மா காபி கொடுக்கிறாள். அண்ணன் பேப்பரை இறக்குவதே இல்லை.

லத்தீஃபா மட்டும், "இதை நான் போன வருசமே சொன்னேன்ல?" என்கிறாள்.

5.12.99, ஞாயிறு

அண்ணன் பேப்பரை இறக்கி, "சர்க்கரை போதுமா?" என்று அவரைக் கேட்டது.

23.1.2000, ஞாயிறு

பூசைக்குக் கூட்டம். உபதேசியாருக்குக் கண் மறுபடி சரியில்லை, ஃபாதரே அறிவிப்புகளை வாசித்தார். முன்பு வாசித்துக்கொண்டிருந்தவரைக் கேட்க வழியில்லை, அவர் பெயரே எங்கள் மூன்றாம் ஓலையில் இருந்தது. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது மொத்தக் கோயிலும் ஆண்கள் பக்கம் திரும்பியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "மூணும் முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

நாளைக்கு அலுவலகம் உண்டு. காத்தான் லீவில் வருகிறாராம், திரும்பிப் போக டிக்கெட் போட வேண்டும். ஃபேனுக்கு சார் புதுக் கழுத்து வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போது அது இரண்டு பக்கமும் திரும்புகிறது. கால் வலிக்கிறது. கொஞ்சம் படுக்க வேண்டும்.