சரிவின் குறுக்கே ஒரு கயிறு

16.06.1993, புதன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. மேசையில் ஒவ்வொரு கடதாசிக்கும் மேலே ஒரு கல்.

இன்று மாதப்படி நாள். தபாற்கந்தோர் குண்டில் இடிந்த பிறகு வயோதிபருக்கும் அங்கவீனருக்கும் உதவிப்பணம் கொடுப்பது எங்கள் பிரதேச சபையின் உப அலுவலகத்தில்தான். ஊரில் அதற்குப் பெயர் பிச்சைச் சம்பளம். வாங்க வருபவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. உயரமான படிகள், கைப்பிடி இல்லை. கிழவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஒருவர் சறுக்கினால் இரண்டு பேர் விழுவார்கள்.

பிலோமினா அக்கா இந்த மாதமும் இல்லை. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பியவர். சக்கரச் சில்லுப் பூட்டிய பலகையில் இருந்தபடி, கையால் நிலத்தை உன்னி வருவார். படியடி வரைக்கும் தானே. அதற்கு மேல் பியோன் தம்பு அண்ணையும் இன்னொருவரும் தூக்குவார்கள். ஏப்ரலில் தூக்கும்போது தம்பு அண்ணை சொன்னது: “என்ன பிலோமினா, நிவாரண அரிசியிலை கொழுத்திட்டாய் போல. முதுகு முறியுது!” எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினா அக்காவும் சிரித்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்று மாதம் தொடர்ந்து ஆள் நேரில் வராவிட்டால் பெயர் வெட்டு. வேறு ஆளிடம் கொடுத்தனுப்பவும் முடியாது. மே, ஜூன் போய்விட்டது. இருப்பது ஜூலை மட்டும்.

சவர்க்காரம் முடிந்தது. அம்மாவிடம் சொல்ல.

18.06, வெள்ளி

கந்தோர் விட்டதும் சைக்கிளில் பிலோமினா அக்கா வீட்டுக்கு. கடற்கரை மாதா கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டில். கிழிந்த வலை பொத்துவதுதான் தொழில். கடலுக்குப் போகத் தடை, பொத்த வலை வருவதில்லை. வாசலில் இருந்து பழைய நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“கந்தோர்ப் பிள்ளையெல்லே? பேர் வெட்டியாச்செண்டு சொல்ல வந்தனியோ?”

“இல்லையக்கா. அடுத்த மாதம் கட்டாயம் வரச்சொல்லி…”

“வரமாட்டன். மீன்கூடை மாதிரி என்னைத் தூக்கிறதெண்டால் வரமாட்டன். பட்டினி கிடந்தாலும் என்ரை சில்லிலைதான்.”

பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்தார்.

“நீ கம்பசிலை படிச்ச பிள்ளையாம். என்ன படிச்சனி?”

“புவியியல்.”

“அதிலை மேடு பள்ளமெல்லாம் வருமோ?”

“வரும்.”

“அப்ப உங்கடை கந்தோர்ப் படியைப் பற்றி ஒருத்தரும் படிப்பிக்கேல்லையோ?”

திரும்பும்போது எதிர்காற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். பரீட்சைக்கு எத்தனை மலைக்குச் சாய்வு கணித்தேன். ஒரு வாசற்படிக்கு இல்லை.

21.06, திங்கள்

செயலாளரின் அறை வாசலுக்குப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. கடைசியில் அவரே, “என்ன தங்கச்சி, உலாத்திறீர்?” என்றார்.

கதைக்காமல், இரவு கீறிய படத்தை நீட்டினேன். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை.

“நல்லது. சீமெந்து? ஆமி ஒரு பை விடுறாங்களே இஞ்சாலை?”

“சீமெந்துக்குப் பதிலாய்ச் சுண்ணாம்பு காணும், சேர். கல்லு தபாற்கந்தோரிலை இடிஞ்சு கிடக்கு. கந்தையா மேசனைக் கேட்டனான்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு வசனம் சேர்த்துச் சொன்னது இதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

“சரி, செய்விச்சுப் பாரும்.”

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

29.06, செவ்வாய்

வேலை நடக்கிறது. கல் கொண்டுவந்த வண்டிலில் ஒரு துண்டுச் சிவப்புத் தகரம், தபாற்பெட்டியின் வாய். எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் போட்ட சரிவு பிழை. முற்றத்தில் குண்டுக்கு ஒளிக்கும் பங்கர் இருப்பதால் நீளம் போதவில்லை, செங்குத்தாய்ப் போய்விட்டது. தம்பு அண்ணை வெள்ளோட்டம் என்று சைக்கிளில் இறங்கி, பங்கரின் மண்மூட்டைக்குள் போய் விழுந்தார். கந்தையா மேசன்: “உது வள்ளம் இறக்கிற சரிவு, பிள்ளை. கிழவியள் நேரை பங்கருக்குள்ளைதான்.”

உடைத்துவிட்டு மதிலோரமாய், வேம்படியில் ஒரு வளைவு வைத்து நீட்டச் சொன்னேன். தடி நட்டு, நூல் பிடித்துக் காட்டினேன். “உதுக்கோ கம்பஸ் போனனீ?” என்றார் மேசன். “ஓம்” என்றேன். எனக்கே ஆச்சரியம்.

பத்தரைபோல் ஹெலிச் சத்தம். எல்லாரும் பங்கருக்குள். பொல்லோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் மேலே, வாசலைப் பிடித்தபடி: “நான் இறங்கினால் பேந்து ஏறேலாது. நீங்கள் இருங்கோ.” ஹெலி தெற்கே போய்விட்டது. பங்கருக்கும் படிதான். யோசிக்க வேண்டும்.

12.07, திங்கள்

முடிந்தது. சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாய். ஆட்கள் வர முதல் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போய்க் கீழே வந்தேன்.

மத்தியானம் பார்த்தால் அடியில் குறுக்கே ஒரு கயிறு. செயலாளர் கட்டுவித்தது.

“திறக்காத பாதையிலை சனம் ஏறக்கூடாது, தங்கச்சி. நாள் பாத்தனான். இந்தக் கிழமை நல்லதில்லை. அதுக்குப் பிறகு ஆடி பிறக்குது. ஆவணியிலை ஒரு பெரியாளைக் கூப்பிட்டு, நிறைகுடம் வைச்சு, முறையாய்ச் செய்வம்.”

“சேர், மாதப்படி இருபத்தோராம் திகதி…”

“இவ்வளவு காலமும் படியாலைதானே வந்தவை?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. விழாவுக்கு வாழைமரம்கூடச் சொல்லி வைத்துவிட்டார்.

17.07, சனி

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை. பயறு கொஞ்சம்தான் கிடைத்தது, தேங்காய்ப்பூத்தான் கூடுதல். ஐயா எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தார்.

“உன்ரை றோட்டு என்ன மாதிரி?”

“முடிஞ்சுது, ஐயா. கயிறு கட்டியிருக்கு.”

“ஏன், ஆடு மாடு ஏறாமலோ?”

“ஆக்கள் ஏறாமல்.”

கொழுக்கட்டையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

20.07, செவ்வாய்

எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

காலை பத்து மணித் தேநீர். செயலாளர், தம்பு அண்ணை, வரி கட்ட வந்த இரண்டு பேர். செ. விழா அழைப்பில் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சேர்,” என்றேன். “முத்தத்திலை பங்கர் வெட்டினதுக்கு நாள் பாத்தனாங்களோ?”

தம்பு அண்ணை தேநீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது உயிர்ப் பிரச்சினை,” என்றார் செ.

“நாளைக்கு வராட்டில் பிலோமினா அக்காவின்ரை பேர் வெட்டுப்படும். தூக்கினால் அவ வரமாட்டா. அவவுக்கு இதுதான், சேர், உயிர்ப் பிரச்சினை.”

பதிவேட்டில் அவர் பெயரை விரித்துக் காட்டினேன்.

செ. தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்தார். “நான் நாளைக்கு யாழ்ப்பாணத்துக்குப் போறன். பின்னேரம்தான் வருவன். கயிறு அறுந்துதோ, ஆடு திண்டுதோ, எனக்குத் தெரியாது.”

பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். பி. அக்கா நம்பவில்லை. “படம் கிடம் எடுக்கவோ கூப்பிடுறியள்?” படமும் இல்லை, விழாவும் இல்லை என்றேன். “வந்து பாப்பம். சரியில்லாட்டில் அப்பிடியே திரும்பிவிடுவன், சொல்லிப்போட்டன்.”

21.07, புதன்

காற்றுக் குறைவு. எல்லாருக்கும் முதல் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். இறுக்கமான முடிச்சு, நகம் ஒன்று முறிந்தது. கயிறு என் கைப்பையில்.

காசு மேசையை விட்டு எழும்ப முடியாது. அதனால் ஒன்றும் காணவில்லை, கேட்டதுதான். முதலில் வெளியே ஆட்களின் பேச்சு அடங்கியது. பிறகு கல்லில் சில்லு: கறகற. தம்பு அண்ணை ஓடிப்போகும் சத்தம்.

“தள்ளி நில், தம்பு. சில்லு காலிலை ஏறும்.”

“பலகையைப் பிடிக்கேல்லை, அக்கா. சும்மா பாக்கிறன்.”

வளைவில் சில்லுச் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. எண்ணிக்கொண்டிருந்த காசை விட்டுவிட்டேன். திரும்பி விடுவாரோ. பிறகு ஒரு பெரிய மூச்சு, மறுபடி கறகற. பின்னால் பொல்லுச் சத்தம், செருப்புச் சத்தம். படியில் ஒருவரும் ஏறவில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே. சீமெந்து நிலத்தில் சில்லு இழைந்து வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றது. நிமிர்ந்தேன். ஒருவரும் இல்லை.

கீழே இருந்து குரல்: “பிள்ளை, நான் வந்திட்டன். நீ எங்கை? கவுண்டர்ப் பலகைதான் தெரியுது!”

எழும்பி எட்டிப் பார்த்தேன். என் நெஞ்சுயரக் கவுண்டருக்கு அடியில், வேர்வை வழிய, அண்ணாந்து சிரித்துக்கொண்டு பி. அக்கா.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கையெழுத்து வைத்தார். பெயர் வெட்டுப்படவில்லை.

கவுண்டரின் ஒரு பக்கம் அறுத்து உயரம் குறைக்க வேண்டும். நாளைக்குத் தச்சரிடம் போக. நல்ல நாள் கேட்கப் போவதில்லை.