கோணல் ஒன்று

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பஸ் ஓட்டும்போது வலிக்காதாம், கடைக்குப் போகச் சொன்னால் வலிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே ஆறு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் புது அரங்கத்தைத் திறக்கும்போது முதல் பந்தை நீதான் போட வேண்டும் என்று அவர்கள் கூப்பிட்டால், நான் வரலைம்மா, அந்தக் கோணல் சட்டைக் கதையைச் சொல்லிச் சிரிப்பாங்க என்று வெடுக்கென்று வைத்துவிட்டாய். போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது, அதனால்தான் தையல் மிஷினை மூடி அதன் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

அரங்கத்துச் சுவரில் மாட்டுவதற்குப் பள்ளிக் கூடைப்பந்தின் வரலாற்றை எழுதுகிறார்களாம், என்னிடமும் கேட்டார்கள். தச்சு வாத்தியார் சைக்கிள் கொட்டகைச் சுவரில் இரும்பு வளையம் அடித்ததில் தொடங்கித் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அப்போதெல்லாம் பையன்கள் ஆடி முடித்து வீட்டுக்குப் போன பிறகுதானே பெண் பிள்ளைகள் உங்களுக்குப் பந்தே கிடைக்கும், பார்க்க வருவது வாட்ச்மேனும் இரண்டு நாயும், அதிலும் ஒரு நாய் பாதியில் எழுந்து போய்விடும். இன்றைக்குப் பெண்கள் ஆட்டம் என்றால் பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறார், அப்பா டூட்டியை மாற்றிக்கொள்கிறார், இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்குகிறார்கள். எல்லாம் உங்கள் பத்துப் பேரிடம் தொடங்கியது.

உங்கள் முதல் இறுதி ஆட்டத்தன்று, நான் தைத்த புதுச் சட்டைகளை முதன்முதலாகப் போட்டபோதுதான் அவற்றில் இரண்டு ஐந்து இருந்தது தெரிந்தது. ஒரே எண்ணில் இரண்டு பேர் ஆடக்கூடாது என்று நடுவர் உன்னை வெளியே உட்காரவைத்தார். நான் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, கிடைத்த வெள்ளைத் துணியைக் கிழித்து, ஐந்துக்கு முன்னால் ஒரு ஒன்று தைத்தேன். ஐந்து நட்ட நடுவில் இருந்ததால் இடமில்லாமல் அந்த ஒன்று அக்குள் பக்கம் சாய்ந்து விழுந்தது. எதிர் அணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒழுங்காத் தைச்சுட்டு எனக்கு மட்டும் கோட்டை விட்டுட்டியே என்று அழுதுகொண்டே உள்ளே போனாய், போய்க் கடைசிப் பந்தைப் போட்டு ஜெயித்தும் கொடுத்தாய். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு அணியும் பதினைந்தாம் எண்ணுக்கு ஒன்றைச் சாய்த்துத்தான் தைக்கச் சொல்கிறது, நேராக இருந்தால் பந்து விழாதாம். இந்த வருஷம் கம்பெனியில் எண் ஒட்டிய சட்டை வாங்கிவிட்டார்கள், எல்லா எண்ணும் கம்பு மாதிரி நேர். வியாழக்கிழமை பிள்ளைகள் பதினைந்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்து, அத்தை, இதைக் கோணலாக்கிக் கொடுங்க என்று நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பொருளில் கைவைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் தலைமையாசிரியையே கூப்பிட்டனுப்பினார், போச்சுடா, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று போனேன். கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னார், அன்னைக்கு எதிர் அணியில் முதல்ல சிரிச்சதே நான்தாம்மா, அந்தப் பதினஞ்சு எங்களை அழவெச்சு அனுப்பினா, பிரிச்சுத் தைங்க, உங்க பொண்ணையும் எப்படியாவது வரவைங்க என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒட்டி வந்த ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி உரித்தெடுத்து, துணியில் வெட்டிச் சாய்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். உன்னைப் பெற்றதற்கு எனக்கு எவ்வளவு பெருமை என்று உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன், தலைகால் புரியாத பெருமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு ஐந்து எப்படி வந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் வீம்புக்குச் சொல்லவில்லை. துணி வந்த அன்றே, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, முதல் சட்டையாக உன்னுடையதைத்தான் தைத்து மடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் மற்றவர்களுக்குக் கூடைப்பந்து வழக்கப்படி நான்கிலிருந்து வரிசையாகத் தைத்துக்கொண்டு போனபோது, உன் ஐந்து ஏற்கெனவே முடிந்ததை மறந்துவிட்டேன். உன்னுடையது கடைசியாகத் தைத்ததல்ல, சிட்டு.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், நீ நூறு வருஷம் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அரங்கத் திறப்பு அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, மறந்துவிடாதே. அந்தப் பழைய சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
கோணல் கைக்காரி அம்மா