எதைப் பதிவதில்லை

ஆடி 14, புதன்

காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேக்காடு, திறந்தால் லேப்டாப் மேல் செம்மண். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது என்று, பகலில் வேலை பார்க்கப் பாளையம்பட்டியில் இந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். சிக்னல் இருக்கிறது. மூச்சுதான் விட முடியவில்லை.

வாங்க: அம்மாவுக்குத் தைலம். எலிப்பொறி. நெட் ரீசார்ஜ்.

காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தகவலை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் ஒரு முறை வைத்திருக்கிறது. மழைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, போர்வெல்லுக்கு ஒன்று. அந்த முறைகளை இணையத்தில் தேடி எடுக்க ஒரு பெரிய பட்டியல். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் கட்டங்கள்: பெயர், எதைப் பற்றியது, எந்தப் பகுதி, யார் பராமரிப்பு, எத்தனையாவது பதிப்பு. என்னென்ன கட்டம் இருக்க வேண்டும், உள்ளே எந்தச் சொல்லைப் போடலாம் என்று முடிவு செய்கிற கூட்டத்தில் நான் ஒருத்தி.

"அப்ப கணக்குப்பிள்ளைக்குக் கணக்குப்பிள்ளையா?" என்றார். படித்தவர்கள் யாரும் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

மீட்டிங். மறுபடியும் தோல்வி. நான் கேட்பது ஒரே ஒரு புதுக் கட்டம்: 'எதைப் பதிவதில்லை'. போர்வெல் முறையையே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்த போர் மட்டும்தான் அதில் ஏறும். ஆழம், நீர்மட்டம், மோட்டார் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தண்ணீர் வராத போருக்கு ஒரு வரிகூட இல்லை. அதை வைத்து வரைந்த மேப்பில் ஊரெல்லாம் நீலப் புள்ளி. இந்த மானாவாரிக் காட்டில்!

ர. (டீம் லீடர், சென்னை) சொன்னது: உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இப்படி ஒரு கட்டம் இல்லை, இல்லாததைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

வருவார்கள் சார், போர் போடப் போகிறவர்கள் வருவார்கள் என்று ஆவேசமாகப் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன், மைக் ஆஃப்.

ஆடி 15, வியாழன்

பெண் வீட்டிலிருந்து தகவல். பையனைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் காட்டில் தண்ணீர் வேண்டுமாம். ஆவணி பிறந்ததும் வருவார்கள், போர் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பேசி முடிப்பார்கள்.

தம்பி முருகேசனுக்கு முப்பத்து நான்கு. விவசாயம் பார்க்கிறவன் என்றதுமே ஜாதகம் திரும்பி வருகிறது. இது ஒன்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இவன் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணி வைத்திருக்கிறான், பைத்தியம்.

இன்னொன்றும் கேட்டார்களாம். "அக்கா ஒருத்தி வாழாம வந்து வீட்டோட இருக்காகளாமே?" அம்மா என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

ஆடி 16, வெள்ளி

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. முருகேசன் சிரித்தான். "படிச்ச அக்கா வீட்டுல இருக்கா. தேங்கா எதுக்கு?"

போனைக் காட்டினான். அதே மேப். எங்கள் காட்டைச் சுற்றி நீலம் நீலமாக.

சொன்னேன். அந்த மேப்பில் வந்ததுதான் இருக்கும், வராதது இருக்காது. நாலு பேருக்குத் தண்ணீர் வந்திருக்கலாம், நாற்பது பேருக்கு வராமல் போயிருக்கலாம், மேப் நாலைத்தான் காட்டும்.

"அந்த நாப்பது பேரு யாருக்கா? பேரச் சொல்லு."

தெரியாது. யாருக்குத் தெரியும்? போர் பொய்த்தால் ஒரு கல்லை வைத்து மூடிவிட்டு உழுதுவிடுகிறார்கள். கேட்டால், தண்ணி வந்துச்சு, ஊத்து கொறவு, ஊறட்டும்னு விட்டுருக்கோம் என்பார்கள். பொய்த்தது என்று யார் வாயிலிருந்தும் வராது. அதற்கு மேல் யாரும் கேட்பதுமில்லை. கேட்பவன் காட்டிலும் ஒரு கல் கிடக்கிறது.

ஆடியில் புதுக் காரியம் வேண்டாம் என்று அம்மா இழுத்தாள். பதினெட்டுக்குத் தோஷமில்லையாம், அன்றைக்குத் தொடங்கினால் பெருகுமாம். அவளாகவே சமாதானமாகிவிட்டாள்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு.

விடியும்போது போர் வண்டி வந்தது. கற்பூரம், எலுமிச்சம்பழம். புழுதியை அமர்த்த டேங்கரில் ஒரு லோடு தண்ணீர். பெரியசாமி அண்ணன் ஊரில் இல்லை. எங்களுக்குக் கிழக்குக் காடு அவருடையது, ஒரே வரப்பு. கட்டிக்கொடுத்த மகளை ஆடிக்கு அழைத்துவரப் போயிருக்கிறார்.

செம்மண் முடிந்து பாறை. அப்புறம் வெள்ளைப் புழுதி. மாவு மில் மாதிரி. பைப் மேல் பைப் இறங்கிக்கொண்டே இருந்தது. முருகேசன் உள்ளங்கையில் புழுதியை வாங்கி வாங்கிப் பிசைந்து பார்த்தான். ஈரம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

இந்தச் சுற்றில் இப்படி எத்தனை போயிருக்கிறது என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாமயாம்மா? நாங்க வாயத் தொறந்தா அடுத்து எவன் எங்களக் கூப்புடுவான்?"

நாலைந்து பேர் சைக்கிளில் வருவது தெரிந்தது. முருகேசன் ஓடிப்போய் டேங்கர் தண்ணீர் மிச்சத்தைப் போர் வாயைச் சுற்றித் திறந்துவிட்டான். வந்தவர்கள் சேற்றைப் பார்த்தார்கள். தண்ணி வந்துருச்சா என்றார்கள். ஊறட்டும்னு விட்டுருக்கோம் என்றான் என் தம்பி.

எவ்வளவு சரளமாக வருகிறது.

ஆடி 19, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ்.

முருகேசன் போருக்கு மூடி போட்டு, பக்கத்தில் மோட்டார் பெட்டி நட்டு, தொட்டி வரைக்கும் பைப் புதைத்துவிட்டான். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. ஆவணியில் அவர்கள் வருகிற அன்று டேங்கர் ஓடைக்கு அந்தப் பக்கம் மறைவாக நிற்கும், அங்கிருந்து பைப்பில் தண்ணீர் கொட்டும்.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பிள்ளை தினமும் இந்தத் தொட்டியைத்தானே பார்க்கும் என்றேன். அவன் அழுதான். சின்ன வயதில் அழுதது, அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். "ஒரு தடவ கண்டுக்காம இருக்கா. நீ எதுவும் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்."

எனக்கு இவன் மேல் கோபம் இல்லை. அந்த மேப் மேல் கோபம். ர. மேல். பெண்ணின் அப்பா மேல். மல்லி விதைக்கக்கூட மழையைப் பார்த்துக் கிடக்கிற இந்தக் காட்டின் மேல் ரொம்ப.

ஆடி 22, வியாழன்

ர. மெயில். புதுக் கட்டம் ஏற்கப்பட்டது! வெளிநாட்டில் யாரோ இதே மாதிரி ஒன்றைக் கேட்டார்களாம். இப்போது அது அவருடைய ஆலோசனை. 'குழுவின் நீண்ட சிந்தனைக்குப் பிறகு' என்று போட்டிருக்கிறார். எரிச்சலாக இருந்தாலும் சிரித்துவிட்டேன்.

கட்டாயம் இல்லை, விரும்பினால் நிரப்பலாம். முதல் மாதிரிப் பக்கத்தை நானே நிரப்ப வேண்டுமாம். போர்வெல் பக்கத்தைத் திறந்தேன். எதைப் பதிவதில்லை: 'துளையிட்டும் தண்ணீர் கிடைக்காத கிணறுகள்.' சேமி. பச்சை டிக் விழுந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு? பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

ஆடி 24, சனி

மத்தியானம் வாசலில் ஸ்கூட்டி. போர்வெல் கணக்கெடுக்க வந்த பெண், பெயர் சித்ரா. அருப்புக்கோட்டை. போனில் அம்மாவிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். முகமெல்லாம் வெயில். மோர் கொடுத்தேன். பெரியசாமி அண்ணனும் மகளுக்கு முருங்கைக்காய் பறிக்க வந்தவர் அங்கேயே நின்றார்.

முருகேசன் புதுப் போரைச் சொன்னான். ஆழம் சொன்னான். நீர்மட்டமும் சொன்னான், வாயில் வந்ததை. அவள் டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். முடித்துவிட்டுக் கிளம்பாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, இது இதுல கேக்கச் சொல்லல, நானாத்தான் கேக்குறேன். போட்டுத் தண்ணி வராமப் போன போரு எதுவும் இருக்கா? அதையும் எழுதி வச்சா நாலு பேருக்கு உதவும்ல."

யாரும் சொல்லித்தராமல் கேட்கிறாள். இந்தக் கேள்விக்காக நான் எத்தனை மீட்டிங்கில் கத்தியிருக்கிறேன். இவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. முருகேசன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றேன். "எங்க பக்கம் அப்படி எதுவும் இல்ல."

அவள் சரிக்கா என்று டேப்லெட்டை மூடிவிட்டாள்.

"ஒரே வரப்புதான. ஒங்களுக்கு வந்தா எனக்கும் வரத்தான செய்யும்," என்றார் அண்ணன், யாரிடமோ சொல்வதுபோல. முருங்கைக்காயை மறந்துவிட்டுப் போனார். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். தெரு முனை வரைக்கும் அவர் முதுகு தெரிந்தது.

ஆடி 28, புதன்

லீவு. அம்மாவுக்குக் கால் வீக்கம்.

காலையிலிருந்து கிழக்கே போர் வண்டிச் சத்தம். அம்மா சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உளுந்து புடைத்தேன். கொடியில் துணியை எடுக்கப் போனால் முருகேசன் அயர்ன் பண்ண வைத்திருந்த சட்டை மேலெல்லாம் வெள்ளைப் புழுதி.

சாயங்காலம் பெரியசாமி அண்ணன் வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோபமாகவும் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்:

"தம்பிட்டச் சொல்லி அந்த டேங்கர ஒரு நடை அனுப்பச் சொல்லு தாயி. போரப் பாக்க ஆளுக வாராக."

மோட்டார் பெட்டி எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டார். சொன்னேன்.