பின்னறைச் சாசனம்

1996 மார்ச் 3, ஞாயிறு

சீசாப் பகுதியில், எங்கள் சங்க மண்டபத்தில் தமிழ் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், அதில் ஒன்பது பேர் கொட்டாவி. வேறு வழியில்லாமல் என் பழைய சாமானை எடுத்தேன், யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் படிப்பித்த சரித்திரம். அரசர்கள் பிராமணருக்கு நிலம் தானம் செய்த கதை. கல்லும் கள்ளியும் நட்டு எல்லை போடுவது, பெண் யானையை நடக்கவிட்டு அது சுற்றி வந்ததை எல்லையாக வைப்பது, எல்லாவற்றையும் செப்பேட்டில் வெட்டுவது.

"ஏன் மாஸ்ரர் யானை? மெத்ரோ இல்லையோ?" என்று ஒரு வாண்டு அளவு நாடாவை இத்தாலியனில் கேட்டது. கத்தானியா நகரச் சதுக்கத்தில் நிற்கிற கல் யானையைக் கொண்டு வரலாம் என்றது இன்னொன்று.

அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த சனம் எங்கே போகும் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சில தானம் ‘குடி நீக்கி’ – இருந்தவர்கள் கிளம்பவேண்டும். சில தானம் ‘குடி நீங்கா’ – உழுகிறவர்கள் அங்கேயே இருப்பார்கள், கொடுக்கவேண்டியதைப் புது ஆளுக்குக் கொடுப்பார்கள். நான் விளாசிக்கொண்டிருந்தபோது மண்டபத்துப் பூசைக்கு வந்த புது ஐயர் கஜானன சர்மா வாசலில் நின்று கேட்டார். வந்து மூன்று கிழமைதான். அமைதியான மனிதர், முப்பது வயது இருக்கும்.

மார்ச் 8

யோகாம்பாளின் கடிதம். கொழும்பு லொட்ஜில் ஐந்தாவது மாதம். "நீங்கள் கூப்பிடுறதுக்குள்ளை எனக்குப் பல்லு விழுந்திடும்" என்று எழுதியிருக்கிறாள். மனைவியைக் கூப்பிட ஒரு வீட்டு விலாசம் வேண்டும். அது எனக்கு இருக்கிறது, இந்த மண்டபத்தின் பின்னறை. சித்திரையில் விஜிலே, அதுதான் நகரசபைப் பொலிஸ்காரர், வந்து பார்த்து, ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று எழுதினால் சரி. சங்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சரிவந்த பிறகு சொல்லலாம்.

மார்ச் 12

சங்கத் தலைவர் இராசரத்தினம் வந்தார். ஐயருக்கு இருக்க ஒரு இடம் வேண்டுமாம். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறை: ஒன்று சாமான் அறை, மற்றது குசினியோடு நான் இருக்கிறது. சாமான் அறையைத் துப்புரவாக்கிக் கொடுக்கலாம் என்றார். "பொதுக்கூட்டத்திலை வாசிக்கவேணும். வடிவா எழுதித் தாங்கோ மாஸ்ரர், உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

இந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

மார்ச் 17, ஞாயிறு

மடையன். மடையன். மடையன்.

முழுச் செப்பேட்டு நடையில் எழுதினேன். "சீசாப் பகுதி மண்டபத்தின் பின்புறத்தில் உடும்பு ஓடி ஆமை தவழும் நிலம் அனைத்தும், முன்பெற்றாரை மாற்றி, குடி நீக்கி, சந்திர சூரியர் உள்ளவரை…" என்று நானே எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். சபை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பின்புறத்தில் இருக்கிற ஒரே குடி நான்தான் என்பது ‘சந்திர சூரியர்’ வரும்போதுதான் மண்டையில் ஏறியது.

இராசரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தான் இருக்கிற அறையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இதெல்லோ மனசு!" கைதட்டல். ஒருவர் பொன்னாடைக்குப் பதிலாகத் தன் மஃப்ளரைப் போர்த்தினார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். சும்மா அலங்காரத்துக்கு எழுதினது என்று சொல்ல வெட்கம். மஃப்ளரோடு இருந்து சிரிச்சன். யோகம், என்னை என்ன செய்தால் தகும்?

மார்ச் 19

காலையில் படிக்கட்டுக் கழுவும்போது கூட வேலை செய்யும் பெனடிக்றிடம் சொன்னேன். மன்னார்ப் பெடியன், வாளியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எங்கடை பங்குச்சுவாமிக்கு அறை குடுக்கேக்கை மணி அடிக்கிறவரை வெளியிலை போடமாட்டம் மாஸ்ரர். அதுவும் அவரே எழுதி வாசிச்சு!"

ஐயர் வரும்வரை இங்கே பூசை மணி அடித்ததும் நான்தான். கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் அறை கேட்டுப் பார்த்தேன். கோடைக்காரருக்கு மட்டுமாம். விலாசம் பதியவும் விடமாட்டார்களாம்.

மார்ச் 24, ஞாயிறு

பூசை முடிந்து ஐயர் வந்தார். என் பெட்டி கட்டிலில் பாதி அடுக்கிக் கிடந்தது. பார்த்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கை போறியள் மாஸ்ரர்?"

எல்லாம் சொல்லிவிட்டேன். யோகம், லொட்ஜ், விஜிலே.

"ஐயா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் சரி…"

"வாங்கின தானத்தைத் திருப்பிக் குடுக்கிறேல்லை. சங்கத்துக்கும் முகம் முறியும்." எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நான் ஒண்டு சொல்லுறன், ஆருக்கும் கதைக்கக் கூடாது. நான் மொண்டெல்லோவிலை ஒரு படுக்கைக் கிழவரோடை தங்கி வேலை. இராவும் அங்கைதான். அவருக்குச் சமையலும் நான்தான். அந்தாளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது."

"மீனோ?"

"நல்லாத்தான் பொரிப்பன்" என்றார் ஐயர், கொஞ்சம் பெருமையாகவே.

இஞ்சை வேட்டி மாற்ற ஒரு மூலை போதுமாம். பிறகு சொன்னார்: "உங்கடை வகுப்பிலை ‘குடி நீங்கா’ எண்டும் ஒண்டு சொன்னனீங்கள். அதைப் போட்டு இன்னொருக்கால் எழுதுங்கோவன்."

பதினெட்டு வருடம் படிப்பித்தவன் நான். பெட்டியிலிருந்த உடுப்பை எல்லாம் திரும்பக் கொடியில் போட்டேன்.

ஏப்ரல் 14, வருடப்பிறப்பு

திருத்திய சாசனத்தை ஐயரே வாசித்தார். நிலம் அவருக்கு, குடி நீங்காது, குடியானவன் ஐயருக்கு இத்தாலியன் படிப்பிக்கவும் படிவங்கள் நிரப்பவும் கடமைப்பட்டவன். மீன் விஷயம் சாசனத்தில் இல்லை. இராசரத்தினம் முன்னையதைவிட இதுதான் வடிவு என்றார். மஃப்ளரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 22

விஜிலே வந்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பல்தூரிகை எத்தனை என்று பார்த்தார். கொடியில் தொங்கிய ஐயரின் வேட்டியைக் காட்டி இது திரைச்சீலையா என்றார். ஓம் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

ஜூலை 30

questura, பொலிஸ் அலுவலகம். யோகத்தைக் கூப்பிடும் அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. வெளியே வந்து ஒரு கிரானிற்றா ஐஸ் வாங்கித் தனியாகச் சாப்பிட்டேன். அழுகையும் வந்தது, பல்லும் கூசியது.

நவம்பர் 9, சனி

யோகம் வந்துவிட்டாள். பல்லெல்லாம் இருக்கிறது.

பெட்டியை வைத்தவள் உட்காரவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, அவள் என் அறையைச் சுற்றினாள், குசினியைச் சுற்றினாள், சாமான் அறையையும் ஒரு வட்டம் வந்தாள். "கட்டில் அந்தப் பக்கம். ஐயற்றை கொடி இந்த மூலையோடை நிக்கவேணும்" என்று காலால் தரையில் ஒரு கோடு இழுத்தாள். அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தச் சத்தம் இல்லாமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

மண்டபத்தில் ஐயரும் இராசரத்தினமும் நிற்க, எல்லை போட்டாயிற்று. கல்லும் கள்ளியும் தேவையில்லை. யானைதான் – வேண்டாம், அதை எழுதினால் நாளைக்கே குடி நீக்கம்.

இந்தக் கொப்பியை வழமைபோல அரிசி வாளிக்குப் பின்னால் ஒளிக்கப் போனேன். அந்த இடத்தில் அவளுடைய ஊறுகாய்ப் போத்தல் இருந்தது.