குப்பியில் போன ரத்தம்

என்னங்க, இன்று காலை கேலாங் கிளினிக்கில் தாதி என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பது போல இருந்தது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கத்தான் போனேன். ஊசி ஏறும்போது நானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் அப்படித்தான் திரும்புவீர்களாம். கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் பழுதுபார்க்க இறங்கும் முன்னால் ஒரு குப்பி ரத்தம், ஏறி வந்த பிறகு ஒரு குப்பி. ஆழத்திலிருந்து வருகிறவர்களுக்கு உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டுமே, அந்த நோயை ரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று டாக்டர்கள் ஆராய்கிறார்கள் என்றீர்கள். உங்கள் கூட்டாளி வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சுறா வந்தாக்கூட முறைப்பாரு அக்கா. நர்ஸ் மிஸ்ஸி ஊசிய எடுத்தா கண்ண மூடிக்கிறாரு லா."

தோள்வலி அதற்கப்புறம் வந்தது. முக்குளிக்கிற ஆட்கள் வலியை வெளியே சொல்லமாட்டார்களாம். சொன்னால் கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுளுக்கு என்பார்கள். நீங்களும் சுளுக்கு என்றீர்கள். தேக்கா சந்தையில் வாங்கிய தைலம் பாதி தீர்ந்தும் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள் என்று பின்னாலேயே வந்தேன்.

"அதான் ரத்தம் எடுத்துட்டாங்கல்ல? ஏதாச்சும் இருந்தா அதுவே சொல்லிடும். நான் வேற எதுக்குச் சொல்லணும்?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மறுநாளும் இறங்கினீர்கள். ஏறி வந்ததும் கால் மரத்துப் படகிலேயே சரிந்தீர்கள். குமிழியைக் கரைக்கும் அழுத்த அறைக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி வழியாக உங்கள் நெற்றி மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை, நீங்களும் இல்லை.

ஆராய்ச்சி செய்த டாக்டர்களில் ஒருவர், தமிழர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குப்பியில் எடுத்த ரத்தம் ஆராய்ச்சிக்கு, அதை வைத்து இப்போதைக்கு யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது என்றார். தோள்வலிதான் அந்தக் குமிழி நோயின் முதல் அடையாளம் என்றும் சொன்னார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே நிப்பாட்டியிருப்போம்மா."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது.

இன்று தாதி குப்பியில் என் பெயரை ஒட்டினாள். வேறு எங்காவது வலி இருக்கிறதா என்று கேட்டாள். முன்பென்றால் இல்லை என்று எழுந்து வந்திருப்பேன்.

"முட்டி வலிக்குது மிஸ்ஸி. படி ஏற முடியல" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். உங்கள் தோளையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் போல இருந்தது.