மெழுகுவர்த்தி ஏலம்

1764 செப்டம்பர் 9

பிரபுவின் மாளிகையிலிருந்து புதுக் காரியஸ்தர் வந்தார். ரென் நகரத்துக்காரர். ரான்ஸ் ஆற்றுச் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, மற்றதோடு நின்றபடி அறிவித்தார்: ஒன்பது வருஷக் குத்தகை முடிகிறதாம். மாவாலை, கரை, வற்றும் நீரில் மீனைச் சிக்கவைக்கும் மீன்வேலி எல்லாம் இனி ஒரே குத்தகை. மாளிகையில் மெழுகுவர்த்தி ஏலம்; திரி அணையுமுன் கடைசியாகக் கேட்டவருக்கே எல்லாம்.

நான் குடியிருப்பதும் ஆலைக்குள்தான் என்றேன். “அதுவும் சேத்திதாம்மா” என்றார். என்ன தாராள மனசு!

செப்டம்பர் 12

ஏலம் 26ஆம் தேதி நண்பகல். அமாவாசைக்கு மறுநாள், கடல் அடியோடு வற்றும் நேரம். ஏற்றத்தில் தேக்கிய நீரை மதகு வழியே திறந்துவிட, வற்றத்தில்தான் என் சக்கரம் ஓடும்; அதைப் பார்க்க என்னைவிட்டால் ஆளில்லை. குத்தகை விதிப்படி, ஒரு வற்றம் ஓடாவிட்டாலும் ஏலம் கேட்கும் தகுதி போய்விடும். காரியஸ்தருக்கு இந்த நல்ல நேரத்தைக் குறித்துக் கொடுத்த புண்ணியவான், மீன்வேலிக்கார மத்யூரின்.

செப்டம்பர் 16

தேவாலய வாசலில் மத்யூரின்: “என்ன ஆலைக்காரம்மா, அன்னிக்குச் சக்கரத்தப் பாப்பியா, ஏலத்துக்கு வருவியா?”

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் இப்படிக் கேட்பானா? கேட்டிருப்பான். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 20

எங்கே போவேன்?

செப்டம்பர் 21

நாத்தனார் ஒலீவ் வீட்டுக்குப் போனேன். அவர் சாவுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் ஆலையில் பிறந்தவள், மதகு தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டே, “அண்ணன் அந்த மதக உங்கிட்ட விட்டதே தப்பு. வரேன் அண்ணி” என்றாள்.

செப்டம்பர் 26

ஜன்னலுக்கு வெளியே வற்றிய ஆறு. ஒலீவ் மதகைத் திறக்க, என் சக்கரம் ஓடும் சத்தம் மாளிகைவரை கேட்டது. மத்யூரினின் காது சிவந்தது. மாறி மாறிக் கேட்டோம். என்னால் முடிந்த கடைசி விலையைச் சொல்லிவிட்டேன். திரி சாய்ந்தது. அவன் வாயைத் திறந்தான்—

ஜன்னலில் வெள்ளை வெள்ளையாகக் கடற்காக்கைகள், அவன் மீன்வேலிமேல்! வற்றத்தில் உடனே மீனை அள்ளாவிட்டால் அவற்றுக்குத்தான் விருந்து. சொந்தத் தம்பியைக்கூட நம்பாமல், காவலின்றி விட்டு வந்திருக்கிறான்.

“ஐயோ, எம் மீனு!” என்று ஜன்னலுக்கு ஓடினான். திரும்பியபோது புகைதான் இருந்தது.

அக்டோபர் 3

இரண்டு நாள் இருக்கிறேன் என்று வந்த ஒலீவின் பெட்டி இன்னும் மாடியில்.

மத்யூரின் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான். “அக்கா, மீன்வேலிய மட்டும் எனக்கு உள்குத்தகைக்கு விடுவீங்களா?”

விடலாம். ஒரே நிபந்தனை: வற்ற நேரத்தில் வேலியை விட்டு நகரக் கூடாது.

“எழுதி வாங்கு அண்ணி!” என்று மதகிலிருந்து கத்தினாள் ஒலீவ்.